கல் போன்ற குண்டும் ஈயம் ஒட்டும் குழலும்

கேள்வி: மொன்டானாவில் வசிக்கிறேன். 45-70 தோட்டா போடும் பழைய மார்லின் 1895 லீவர் ரைபிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். கரடி நடமாடும் காட்டுக்குப் போவதால், துப்பாக்கிச் சந்தையில் ‘கடின வார்ப்பு’ என்று விற்ற கனமான ஈயக் குண்டுகளை வாங்கி நானே தோட்டா தயாரித்தேன். பத்து சுற்று சுடுவதற்குள் குழலில் ஈயம் பட்டை பட்டையாக ஒட்டிவிட்டது, குறியும் சிதறுகிறது. விற்றவர் இதைவிடக் கடினமான குண்டு தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஆள் நோயையே மருந்தென்று விற்கிறார்.

உங்கள் குண்டு பெரும்பாலும் மென்மையாக இல்லை, ஒல்லியாக இருக்கிறது. குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிப்பள்ளத்தைவிடக் குண்டு மயிரிழை மெலிந்திருந்தாலும், எரியும் வெடிமருந்தின் வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரித்துக் குழல் சுவரில் பூசிவிடும். ஓரளவு மென்மையான ஈயமாக இருந்தால் அழுத்தத்தில் பிதுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கல் போன்றது பிதுங்காது.

‘கடின வார்ப்பு’ என்ற சொல்லுக்கு யாரும் வரையறை வைக்கவில்லை. வாய்க்கு வந்ததை அட்டைப்பெட்டியில் அச்சடிக்கலாம். உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் சுத்த ஈயம் 5. ஐந்து சதவீத வெள்ளீயமும் ஐந்து சதவீத ஆன்டிமனியும் கலந்த லைமன் 2-ஆம் எண் கலவை சுமார் 15. பழைய அச்சகங்களின் லைனோடைப் உலோகம் சுமார் 22. உங்கள் வேலைக்கு 15 தாராளம். ஆன்டிமனி மிகுந்த குண்டு எலும்பில் பட்டால் நொறுங்கவும் கூடும். கரடிக்கு முன்னால் நிற்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல அது.

முதலில் குழலை அளவெடுங்கள். துப்பாக்கி காலி என்பதை இருமுறை பார்த்து, லீவரைத் திறந்து வைத்து, எண்ணெய் தடவிய மென்மையான ஈயத் துண்டை முனையிலிருந்து கம்பியால் தள்ளி, வெளியே வருவதை மைக்ரோமீட்டரில் அளங்கள். வெர்னியர் போதாது. பொதுவாக 0.458 அங்குலத்தை ஒட்டி வரும். குண்டு அதைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்கு பருத்திருக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் ஒட்டினால், நீங்கள் தயாரித்த தோட்டா ஒன்றைப் பிரித்து, வெளியே வந்த குண்டை மறுபடி அளங்கள். செம்புறை போட்ட குண்டுக்கான வாய்விரிப்பான் பித்தளைக் கூட்டைப் போதிய அளவு விரிக்காது. சரியான குண்டைக்கூட அந்தக் கூடு நெரித்து மெலியவைத்துவிடும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் ‘பழைய’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1972-இல் இந்த மாதிரி மறுபடி வந்தபோது, பல வருடங்கள் ‘மைக்ரோகுரூவ்’ என்ற ஆழமற்ற வரிகள் கொண்ட குழலே வந்தது. ஆழமான வரிகள் பிற்பாடுதான் வந்தன. ஆழமற்ற வரியில் மென்மையான குண்டு பிடிப்பில்லாமல் வழுக்கும். அங்கே சற்றுக் கடினமான, இன்னும் சற்றுப் பருத்த, அடியில் செம்புத் தகடு பொருத்திய குண்டுதான் ஒத்துவரும். அதாவது, மேலே மென்மைக்கு ஆதரவாகச் சொன்னதில் பாதி அந்தக் குழலுக்குப் பொருந்தாது. குழல்மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள். முனையில் விளக்கடித்து உள்ளேயும் பாருங்கள். மெல்லிய வரிகள் நெருக்கமாகத் தெரிந்தால் அதுதான்.

சந்தையில் பிளாஸ்டிக் பையில் போட்ட ‘சொந்தத் தயாரிப்பு’ தோட்டாவை மட்டும் தொடாதீர்கள். தோட்டா தயாரித்து விற்க அமெரிக்காவில் மத்திய அரசின் உரிமம் வேண்டும். பையில் கட்டி விற்பவரிடம் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். எனக்குப் பொறுமை போகும் இடமும் இதுதான். 45-70 தோட்டா 1873-இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ‘டிராப்டோர்’ துப்பாக்கிக்காகக் கருமருந்தோடு பிறந்தது. அதனால் தொழில்துறை விதித்த உச்ச அழுத்தம் இன்றும் 28,000 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ஆனால் தயாரிப்புக் கையேடுகள் டிராப்டோருக்கு ஒன்று, லீவருக்கு ஒன்று, ருகர் நம்பர் 1 போன்ற வலுவானவற்றுக்கு ஒன்று என்று மருந்தளவுக்கு மூன்று தனிப் பட்டியல் போடுகின்றன. மூன்றுக்கும் பித்தளைக் கூட்டின் அடியில் ஒரே பெயர்! கடைசிப் பட்டியலின்படி நிரப்பிய தோட்டா உங்கள் மார்லினுக்குள் தடையில்லாமல் நுழையும். நூறாண்டு கடந்த டிராப்டோருக்குள்ளும் நுழையும். ஒரு எழுத்தைக் கூடுதலாகப் பொறிக்க இந்தத் தொழிலுக்கு இவ்வளவு காலம் போதவில்லை.

தட்டை மூக்குக் குண்டையே போடுங்கள். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் குழாய் மேகசினில் கூர்முனை, முன்னுள்ள தோட்டாவின் அடியில் தீமூட்டும் பிரைமரைக் குத்தும். கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் இறுக்கி மடியுங்கள். மருந்தின் அளவைக் கையேட்டின் லீவர் பட்டியலிலிருந்து மட்டும் எடுங்கள், நண்பரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து அல்ல.

இப்போது ஒட்டியிருக்கும் ஈயத்துக்கு, பழைய வெண்கலப் பிரஷ்ஷில் செம்பு நாரைச் சுற்றித் தேய்த்தால் சுருள் சுருளாக வந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ‘செம்பு’ நார்களில் சில, மேலே செம்பு பூசிய இரும்பு. கடையிலேயே காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் குழலுக்குள் விடாதீர்கள்.