ஆபத்து வந்தால் நாத்திகரும் சாமி கும்பிடுவாரா?

'கும்பிடத்தான் செய்வார்' என்ற பதில் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1933 மே 11 அன்று பெரியாரின் மனைவி நாகம்மையார் காலமானார். மறுநாளே பெரியார் திருச்சிக்குப் போய், 144 தடையை மீறி ஒரு கிறிஸ்தவத் திருமணத்தை நடத்திவைத்துக் கைதானார். கல்நெஞ்சம் என்பீர்கள். 'குடிஅரசு' இதழில் அவர் எழுதிய இரங்கலைப் படித்துப் பாருங்கள். ஊருக்கெல்லாம் சொன்ன பெண் விடுதலையில் நூறில் ஒரு பங்குகூட மனைவி விஷயத்தில் தான் கடைப்பிடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். துக்கம் இருந்தது. அது கடவுளிடம் போகவில்லை, தன் பக்கமே திரும்பியது.

நம்பிக்கை உள்ளவர்கள் கதை இன்னும் சிக்கல். 2004 சுனாமியில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் இறந்தவர்களில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்களும் உண்டு. அதே நாளில் தப்பிய எத்தனையோ பேர் மாதாவுக்கு நன்றி சொன்னார்கள்.

எங்கள் அத்தை, மகன் விபத்தில் போனபிறகு, முருகன் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். தூக்கி எறியவில்லை, கவனியுங்கள். கோபித்துக்கொள்ள ஆள் வேண்டுமே! ஆறேழு மாதம் கழித்து, தூசி தட்ட எடுத்தவர் நேராகவே மாட்டிவிட்டார். ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.