"நமக்கெல்லாம் யார் தருவார்கள்?"

கேள்வி: முதியோர் உதவித்தொகை, வீடு கட்டும் திட்டம் என அரசு எவ்வளவோ செய்கிறது. எங்கள் கிராமத்தில் பலர் விண்ணப்பிப்பதுகூட இல்லை. 'நமக்கெல்லாம் யார் தருவார்கள்?' என்கிறார்கள். இந்த அறியாமையை எப்படிப் போக்குவது?
– வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: உங்கள் ஊர் மக்களை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரக வளர்ச்சித் துறையில் வேலை பார்த்த காலம் முழுவதும் நான் கண்டது வேறு. ஓ.ஏ.பி. பணம், அதாவது முதியோர் உதவித்தொகை, மாதம் 1,200 ரூபாய் என்பது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். தன் மனு ஏன் தள்ளுபடியானது என்பதுதான் தெரியாது.

ஒரு மூதாட்டி. 'நம் தெரு அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை, அதனால்தான் தரவில்லை' என்று உறுதியாக நம்பினார். மறுபடி மனுப் போட மறுத்துவிட்டார். அவருடைய ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதி ஜனவரி 1. கணக்குப் போட்டால் வயது 57. அவருடைய மூத்த மகனுக்கே ஐம்பது! பதிவு செய்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வயதைப் போட்டிருக்கிறார். '60 ஆகவில்லை, அதனால் தள்ளுபடி' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த அம்மா தேதியைத் திருத்த அலைந்திருப்பார். சொல்லாததால் தெருவே கட்சிக் கதையை நம்பியது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

வீட்டுத் திட்டமும் இப்படித்தான். 2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்துக்கு 2011 சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பை வைத்தே பெயர்களை எடுத்தார்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தாலே பெயர் போய்விடும். அந்த விதியைப் பின்னாளில்தான் தளர்த்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்து தனக்குக் கிடைக்காதவர் இதை எப்படி அறிவார்? 'காசு கொடுத்திருப்பான்' என்பார். காசு வாங்கிய இடங்களும் உண்டு என்பதால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எனவே துண்டறிக்கை அடிக்காதீர்கள். தள்ளுபடியான மனுக்களைத் திரட்டுங்கள். கிராம சபையில் பயனாளிகள் பட்டியலைக் காரணத்தோடு வாசிக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இருக்கிறது. எழுத்தில் காரணம் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம்: கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை, 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கெல்லாம் முன்பாக, அவர்களுடைய ஆதாரையும் ரேஷன் அட்டையையும் வாங்கி, பெயரும் வயதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.