நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். முன்பெல்லாம் பேஷன்ட் யாராவது இறந்துபோனால் வீட்டுக்கு வந்தும் அழுவேன். இப்போது சொந்தக்காரர்கள் கதறிக்கொண்டிருக்கும்போதே, ‘அடுத்த அட்மிஷனுக்கு பெட் ரெடி பண்ணணுமே’ என்றுதான் மனசு ஓடுகிறது. நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தால் தூக்கத்திலும் மானிட்டர் சத்தம். மேலே சொன்னால் யோகா வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: கல்நெஞ்சக்காரி இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

நீங்கள் சொல்வது பர்ன் அவுட் மாதிரிதான் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை, சமாளிக்க முடியாத வேலை நெருக்கடி நீண்டநாள் தொடர்ந்தால் வருகிற நிலை என்றுதான் 2019-ல் விளக்கியது. உடம்பில் சக்தியே இல்லாமல் போவது, வேலைமேல் வெறுப்பும் விலகலும், ‘நான் செய்து என்ன ஆகப்போகிறது’ என்ற நினைப்பு, இந்த மூன்றும்தான் அடையாளம். அதனால் கோளாறை உங்கள் மனசில் தேடுவதற்கு முன்னால் டியூட்டி ரோஸ்டரில் தேடுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கொரு நர்ஸ் என்பது கணக்கு. நடப்பு என்ன என்று உங்களுக்கே தெரியும்: ஒருவரைத் திருப்பிப் படுக்கவைத்து, இன்னொருவருக்குச் சளியை உறிஞ்சி எடுத்து, நடுவில் சார்ட் எழுத உட்கார்ந்தால் விரலில் மாட்டிய கிளிப் நழுவியதற்கெல்லாம் மானிட்டர் அலறும், போய்ப் பார்க்காமலும் இருக்க முடியாது. இதில், இனிப் பிழைக்கமாட்டார் என்று தெரிந்தவருக்கும் ஊசிமேல் ஊசி குத்த வேண்டியிருக்கிறதே, அந்த உறுத்தல் தனி. டாக்டர்களுக்கும் இதே கதைதான், என்ன, அவர்கள் வெளியே சொல்வது இன்னும் குறைவு.

யோகா நல்லதுதான், ஆனால் அது ஆள் பற்றாக்குறைக்கு மருந்தாகாது. நீங்கள் மட்டும் தனியாகப் போய்ப் பேசாமல் நாலைந்து சிஸ்டர்கள் சேர்ந்து போங்கள். தொடர்ச்சியாக நைட் போடுவதைக் குறைக்கச் சொல்லுங்கள், சாப்பிடப் போகும்போது பெட்டைப் பார்க்க ஒரு ஆள் கேளுங்கள். மரணம் நடந்த ஷிஃப்டில், கிளம்புவதற்கு முன் டாக்டரும் நர்ஸுமாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள், இதற்குச் செலவே இல்லை.

அப்புறம் ஒன்று. நாலு நாள் லீவு எடுத்தும் தூக்கம் வரவில்லை, பிடித்த எதிலும் ஒட்டவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.