வேட்பாளரின் படைச் சேவையைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: திருகோணமலையில் உள்ளூராட்சித் தேர்தலுக்கு நிற்கும் ஒருவர், இராணுவத்தில் 18 வருடம் இருந்து மேஜராக ஓய்வுபெற்றதாகவும் வீரச் செயலுக்கான ரண சூர பதக்கம் பெற்றதாகவும் துண்டுப்பிரசுரம் அடித்திருக்கிறார். உண்மையா என்று எப்படி அறிவது?

பதில்: மேஜர் என்பதால் பாதி வேலை சுலபம். அதிகாரிகளின் நியமனமும் பதவி உயர்வும் வர்த்தமானியில் வரும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள். பழைய இதழ்களுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். பெயரை மட்டும் நம்பினால் வேறொருவரின் சேவையை இவர் தலையில் கட்டிவிடுவீர்கள். பெயரோடு இருக்கும் 'ஓ' என்று தொடங்கும் படை இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். இதழ் வெளியான திகதி வேறு, உயர்வு அமுலுக்கு வந்த திகதி வேறு. 'தற்காலிக மேஜர்' என்றிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு இதழோடு நிற்கவும் கூடாது. முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவின் பதவிநிலையும் பதக்கங்களும் 2010இல் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் பறிபோயின. 2015 ஜனவரியில் மீண்டன. அந்த மார்ச்சில் பீல்ட் மார்ஷல் ஆனார்.

அதிகாரியல்லாத சிப்பாய், மாலுமி என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் வழி. திருகோணமலைக் கடற்படைத் தளமான டொக்யார்டின் வாசலில் அலையாமல், உரிய படைத் தலைமையகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 'முழுக் கோவையின் பிரதி' என்று கேட்டால், தனிப்பட்ட தகவல், தேசிய பாதுகாப்பு என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள். சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகும்போதிருந்த பதவிநிலை, விலகிய விதம், பதக்கம் அறிவிக்கப்பட்ட வர்த்தமானி இலக்கம் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். மருத்துவம், கடமையாற்றிய முகாம்கள் வேண்டாம். காரணம் சொல்லக் கட்டாயமில்லை. ஆனாலும் துண்டுப்பிரசுரத்தின் பிரதியை இணைத்து, பொதுநலன் இருப்பதை ஒரு வரியில் எழுதுவது நல்லது. விலகிய விதத்தை விடவே விடாதீர்கள்: தப்பியோடியவர்கள் பொதுமன்னிப்புக் காலத்தில் சட்டபூர்வமாக விலக முடியும், 2024 ஏப்ரலிலும் அப்படியொன்று அறிவிக்கப்பட்டது. அதை ஓய்வு என்று சொல்ல முடியாது.

முடிவு தர 14 வேலைநாள் உண்டு. மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாளுக்குள் அதே படையின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. உதாரணமாக, 2025 உள்ளூராட்சித் தேர்தலில் வேட்புமனு முடிந்தது மார்ச் 20, வாக்களிப்பு மே 6. இடையில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. மேன்முறையீட்டுக்குப் போனால் தேர்தலுக்குள் முடிவது கடினம். ஆகவே பெயர் அடிபடத் தொடங்கும்போதே கடிதத்தைப் போடுங்கள்.