வெளியில் நாயைப் படம் எடுக்கும்போது அதன் குணமும் படத்தில் வர என்ன செய்ய வேண்டும்?

"பிஸ்கட்டைக் காட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் எடுக்கிறேன், ஆனாலும் எல்லாப் படத்திலும் ஒரே முகம்தான் வருகிறது" என்று கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அந்தப் பிஸ்கட்தான். பிஸ்கட்டைப் பார்க்கும் முகம் எல்லா நாய்க்கும் ஒன்றுதான். லாப்ரடாரோ தெருநாயோ, கண் விரியும், காது முன்னால் வரும், வாயோரம் எச்சில் நிற்கும். அதைப் பார்த்து உங்கள் நாய் எப்படிப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் அடுக்குமாடியில் இருக்கிறீர்கள், சாயங்காலம் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறீர்கள், ஒரு கையில் சங்கிலி, மறு கையில் போன், நின்றபடியே மேலிருந்து எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். என்னிடம் இதைக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ரகம்தான்.

நான் பிழைப்புக்குக் கல்யாணப் படம் எடுப்பவன். நாய் படம் என் ஆசைக்கு. முறையாகப் படித்தவர்கள் வந்து "அப்படி இல்லை" என்று சொன்னால் சண்டைக்கு நிற்க மாட்டேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சாத்தூர் பக்கம் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் தோட்டத்தில் சிப்பிப்பாறை என்ற நாட்டு வேட்டை நாய் வளர்க்கிறார். செவலை நிறம், பெட்டை, பெயர் ராணி. வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார். அவர் மனதில் இருந்தது கண்காட்சிப் படம்: பக்கவாட்டில் நிறுத்தி, சங்கிலியைத் தூக்கிப் பிடித்து, ஒட்டிய வயிறும் வாலும் தெரிகிற மாதிரி. எடுத்துக் கொடுத்தேன். அந்த வகைப் படத்தை நான் குறை சொல்லவில்லை, உடற்கட்டைக் காட்ட அதுதான் சரி. ஆனால் அவர் வீட்டு மதினி கேமரா திரையைப் பார்த்துவிட்டு, "இது சிப்பிப்பாறை. எங்க ராணிய எங்க?" என்று கேட்டார்.

அதற்கு மேல் எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தர முடியாது. ராணி என்னதான் செய்யும் என்று அவரிடமே கேட்டேன். "ஒன்னும் செய்ய மாட்டா. யாரையும் மதிக்க மாட்டா. அவுக வண்டிச் சத்தம் கேட்டா மட்டும் எந்திரிப்பா. அதுக்குன்னு ஓடிப் போக மாட்டா. வந்தா வாங்கன்னு நிப்பா."

குணம் என்பது இந்த மாதிரித் தகவல்தான். அண்ணாச்சி டவுனுக்குப் போய்விட்டுத் தன் டிவிஎஸ் ஃபிப்டியில் திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, வேப்பமரத்துக்குப் பக்கத்தில் கரிசல் மண்ணில் குப்புறப் படுத்தேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70-200 லென்ஸ். ராணி எனக்கும் வண்டிப் பாதைக்கும் நடுவில், நிழலில் கிடந்தது. படுத்ததற்குக் காரணம் உண்டு. நின்று எடுத்தால் நாயின் உச்சந்தலையும் முதுகும்தான் கிடைக்கும், பின்னணி முழுக்கத் தரையாகிவிடும். அமெரிக்கப் புகைப்படக்காரர் எலியட் எர்விட் 1974இல் நியூயார்க்கில் எடுத்த படம் ஒன்று உண்டு: தொப்பி போட்ட குட்டிச் சிவாவா நாய், பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், அதற்குப் பக்கத்தில் கிரேட் டேன் என்ற உயரமான நாயின் இரண்டு கால்கள். கேமரா குட்டி நாயின் உயரத்துக்கு இறங்கிவிட்டதால் பெரியவர்கள் எல்லோரும் வெறும் கால்களாகிவிட்டார்கள். அவர் சில சமயம் நாயைப் பார்த்துக் குரைத்தும் காட்டுவாராம். நான் குரைக்கவில்லை. ராணி என்னை அதற்கு மேலும் கேவலமாகப் பார்த்திருக்கும்.

நாலரை மணிக்கு மேல்தான் போனேன். உச்சி வெயிலில் கண் இரண்டும் குழிக்குள் இருட்டாகிவிடும். போதாக்குறைக்கு நாய் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கும். அப்போது வாய் பின்னால் இழுபட்டு முகமே அகலமாகும். நாம் அதைச் சிரிப்பு என்கிறோம், அதற்கோ சூடு தாங்கவில்லை.

இன்னொரு விஷயம், இந்த ஜாதி நாய்களுக்கு மூக்கு நீளம். லென்ஸின் துளையை எஃப்/2.8க்கு அகலமாகத் திறந்து வைத்துப் பக்கத்தில் எடுத்தால் மூக்கு தெளிவாக இருக்கும், கண் கலங்கிப் போகும். துளையைச் சுருக்கி எஃப்/5.6இல் வைத்து, எனக்குக் கிட்டத்தில் இருந்த கண்ணில் போகஸ் புள்ளியை நிறுத்திக்கொண்டேன். இப்போதுள்ள மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் விலங்கின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி இருக்கிறது. என் பழைய கேமராவில் இல்லை. ஷட்டர் வேகம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாய் ஓடாவிட்டாலும் காது ஓடும்.

வண்டிச் சத்தம் என் காதுக்கு எட்டவே இல்லை. முதலில் ராணியின் இடது காது மட்டும் எழுந்தது. சாதாரணமாகப் பின்னால் மடிந்து கிடக்கும் காது. பிறகு எழுந்து, முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, நின்றது. நின்றதும் முகத்தைப் பாதைக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. முகம் இந்தப் பக்கம், காது இரண்டும் அந்தப் பக்கம். அந்த நொடியைத்தான் எடுத்தேன்.

"மூஞ்சிய அங்கிட்டுல்ல திருப்பிக்கிட்டு நிக்கி" என்றார் அண்ணாச்சி. மதினி சிரித்த சிரிப்பில் அவர் மேற்கொண்டு பேசவில்லை. கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். கண்காட்சிப் படம் அவருடைய வாட்ஸப்பில் இருக்கிறது.

சிப்பிப்பாறை என்றதுமே "முயல் வேட்டைக்கு விட்டு எடுத்தீர்களா" என்று ஒருவர் கேட்பார் என்று தெரியும். இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், நான் அந்தப் பக்கமே போகிறவன் இல்லை. "ஜாதி நாய்க்குத்தான் குணமா" என்று இன்னொருவர் வருவார். எங்கள் தெரு டீக்கடை வாசலில் கிடக்கும் நாய்க்கு ராணியை விட ஜாஸ்தி குணம் உண்டு, அதைப் பற்றி வேறு பதிலில் எழுதுகிறேன்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் படத்தை இணையத்தில் போட்டேன். கொஞ்ச நாளில் ஒரு நாய்க்குட்டி வியாபாரி, மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, "ஒரிஜினல் சிப்பிப்பாறை குட்டிகள் கிடைக்கும்" என்று அதன் மேலேயே எழுதி விளம்பரமாக்கிவிட்டார். ராணி குட்டியே போட்டதில்லை. போன் போட்டுக் கேட்டால், "நாய் படம்தானே சார், என்னமோ கல்யாணப் படம் மாதிரி பேசுறீங்க" என்கிறார். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நாட்டு நாய்களின் பெயரைச் சொன்னாலும் சொன்னார், இடுப்பு ஒட்டிய நாயெல்லாம் எங்கள் பக்கம் ஒரிஜினல் சிப்பிப்பாறை ஆகிவிட்டது. ஓடப் பிறந்த நாயை வாங்கி மூன்றாவது மாடி பால்கனியில் கட்டிப்போட்டுவிட்டு, "ஏன் சார் குரைச்சுக்கிட்டே இருக்கு" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் என்ன கால்நடை மருத்துவரா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டில் நாயோடு அதிகம் இருப்பவரிடம் கேளுங்கள். அம்மாவாக இருக்கலாம், வேலைக்கு வரும் அக்காவாக இருக்கலாம். அது எதைக் கண்டால் பம்மும், எந்த மூலையைத் தினமும் மோந்து பார்த்தே தீரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்துக்கு நீங்கள் முன்னாடியே போய் உட்கார்ந்துவிடுங்கள். நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தாலோ கேமராவைக் கீழே வைத்துவிடுங்கள், அது பயந்திருக்கிறது. பெரிய லென்ஸ் அதற்கு முறைக்கிற கண் மாதிரி.

கறுப்பு நாய் படத்தை நிறைத்தால் கேமரா அதை வெளிறிய சாம்பலாக்கும், அதனால் கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷரை) கொஞ்சம் குறையுங்கள். வெள்ளை நாய் நிறைத்தால் அழுக்கு நிறமாகும், கூட்டுங்கள். வெள்ளை நாயைப் புல்தரையில் எடுத்தால் தாடைக்கடியில் பச்சை அடிக்கும், செம்மண்ணில் ஆரஞ்சு அடிக்கும்.

சங்கிலியை மட்டும் ரோட்டோரத்தில் கழற்றாதீர்கள். படம் எடுத்த கையோடு, அதே இடத்தில் இருந்து, நாயும் ஆளும் இல்லாமல் வெறும் இடத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெறும் இடத்தைச் சங்கிலியின் மேல் ஒட்டி, சங்கிலியைப் பிறகு அழித்துக்கொள்ளலாம்.

புதுக் கேமரா வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். போனில் இரண்டு மடங்கு ஜூம் லென்ஸ் இருந்தால் அதைப் போட்டு நாலடி தள்ளி உட்கார்ந்து எடுங்கள். அகல லென்ஸை மூக்குக்கு முன்னால் நீட்டினால் மூக்கு மட்டும் பூதாகாரமாக வரும். பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுத்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து வேண்டாததை அழியுங்கள். போன் லென்ஸையும் ஒரு தடவை துடைத்துக்கொள்ளுங்கள், நாய் வளர்ப்பவர்கள் போனில் அது சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.