தோட்டா நிரப்ப முதல் பிரஸ் எது?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சுட்ட .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாக்களின் காலி உறைகள் ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டன. வீட்டிலேயே தோட்டா நிரப்ப, முதலிலேயே புரோகிரஸிவ் பிரஸ் வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். புரோகிரஸிவில் கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு தோட்டா தயாராகி விழும், சரி, ஆனால் ஒரே இழுப்பில் நாலு இடத்தில் நாலு வேலை நடக்கும்போது புதியவர் எதைத்தான் கவனிப்பார்? ஒரு இழுப்புக்கு ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்குங்கள், அதுவும் ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் மாதிரி கனமான வார்ப்பிரும்பு என்றால் ஆயுசுக்கும் உழைக்கும். .38 உறை கரும்பொடி காலத்து அளவு, உள்ளே இடம் அதிகம். இன்றைய புகையில்லாப் பொடி கொஞ்சம்தான் போடுவோம், அதை மறந்துபோய் இரண்டு தடவை போட்டாலும் வழியாது, சுடும்போது துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். சிங்கிள் ஸ்டேஜில் ஐம்பது உறைகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து, டம்ளரில் காபி அளவு பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் குண்டை வைப்பீர்கள். அப்புறம், மிச்சமாகும் காசில் நல்ல தராசும் ரீலோடிங் கையேடும் வாங்குங்கள். பின்னால் பிரஸை மாற்றினாலும் டைகள் (உறைக்கு வடிவம் கொடுக்க பிரஸில் திருகும் அச்சுகள்) வீணாகாது, முக்கால்வாசி பிரஸ்களுக்கும் ஒரே மரைதான். ஊருக்கு வந்து இதை முயற்சிக்க வேண்டாம். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.