கார்ல் ஃபிரிஸ்டனின் கட்டுரைகளுக்கு ஏன் இத்தனை மேற்கோள்கள்?

மூளை ஆய்வாளர் ஃபிரிஸ்டனின் ஹெச்-இன்டெக்ஸ் 200-ஐத் தாண்டுகிறதே, அவ்வளவு பெரிய மேதையா என்று கேட்டிருக்கிறீர்கள். மேதைதான். ஆனால் அந்த எண்ணுக்குப் பெரிய காரணம் வேறு.

ஹெச்-இன்டெக்ஸ் 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த அளவு. 200 என்றால், தலா 200 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 200 இருக்கின்றன என்று பொருள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிரிஸ்டன், 1990-களில் எஸ்பிஎம் என்ற மென்பொருளை உருவாக்கி இலவசமாகவே கொடுத்தார். மூளை ஸ்கேன் படங்களில் எது நிஜமான மாற்றம், எது வெறும் இரைச்சல் என்று புள்ளியியல் வழியாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் அந்த முறையை விளக்கிய கட்டுரையை மேற்கோள் காட்டுவது வழக்கம். மூளையின் சாம்பல் நிறப் பகுதியை ஒப்பிட்டு அளக்கும் முறை பற்றி சக ஆய்வாளர் ஆஷ்பர்னரும் அவரும் 2000-இல் எழுதியதும் அப்படித்தான். (எத்தனை பேர் முழுசாகப் படித்தார்களோ!)

கருத்துக்காகவே பேசப்படுவது 2010-இல் வந்த 'கட்டிலா ஆற்றல்' (free energy) கட்டுரை. மூளை தன் கணிப்புக்கும் புலன்கள் தரும் தகவலுக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது என்பது அதன் சாரம். இதைச் சோதித்துப் பொய்யென்று காட்டவே வழியில்லையே என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்களும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டித்தானே ஆக வேண்டும்? அதுவும் கணக்கில் ஏறிவிடும்.